காசியம்மாள் கழுவிய தொட்டி

டில்லியிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள் என்று தகவல் வந்த அன்றைக்கே விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையின் சோதனைக் கூடத்தில் பினாயில் வாசனை எழும்பிவிட்டது.

சர்க்கார் கட்டடம் என்றால் அப்படித்தான். பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் முதலில் தரையைக் கழுவ வேண்டும். வாசலிலிருந்து மேஜை வரைக்கும் நடைபாதையின் இரு ஓரத்திலும் பிளீச்சிங் பவுடரால் வெள்ளைக் கோடு இழுக்க வேண்டும். செடித் தொட்டிகளுக்குக் காவி அடிக்க வேண்டும். கூடத்தின் சூப்பரின்டெண்டு விருத்தகிரி இவற்றையெல்லாம் நேர்த்திக்கடன் மாதிரி குறைவைக்காமல் செய்கிறவர்.

"காசியம்மா, தரையில என் மூஞ்சி தெரியணும்" என்று பினாயில் டின்னை நீட்டினார்.

அவர் தலை மறைந்ததும், கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் காசியம்மாள் பின்பக்கக் கொட்டகையைப் பார்த்துச் சொன்னாள்: "இவரு மூஞ்சி தரையில தெரிஞ்சா வந்தவங்க பயந்து அடுத்த ரயில்லயே ஏறிடுவாங்க ஐயா."

கொட்டகைக்குள் சின்னச் சூளையின் கதவைத் துடைத்துக்கொண்டிருந்த சுப்புராயன் சிரித்துவிட்டான். அந்த வாரத்தில் அவன் சிரித்தது அப்போதுதான். வருகிறவர்கள் தரையைப் பார்க்க வரவில்லை, அவனுடைய சூளையைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

எழுபத்து நாலாம் வருஷம் அது. எங்கோ பாலைவன தேசத்தில் எண்ணெய் விலை ஏற, இங்கே விருத்தாசலத்தில் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் சுடுகிற பட்டறைக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். எண்ணெய்க்கு வழியில்லாதவர்கள் எல்லாரும் கரிக்கு மாறினார்கள். தொழிற்பேட்டைப் பக்கம் காயப்போட்ட துணி மாலைக்குள் சாம்பல் நிறமாகிவிடும். அந்தச் சமயத்தில்தான், கரியும் எண்ணெயும் இல்லாமல் தொழில் நடத்த வழி தேடுகிறவர்களுக்கு டில்லி சர்க்கார் பணம் ஒதுக்கியிருக்கிறது என்று சுப்புராயன் பத்திரிகையில் படித்தான். அவன் சோதனைக் கூடத்தில் ஆராய்ச்சி உதவியாளன். சாண வாயுவை எரித்துப் பீங்கான் சுடலாம் என்று ஒரு திட்டம் எழுதி அனுப்பினான். ஊரே அவனுக்குச் 'சாணி இன்ஜினீயர்' என்று பேர் வைத்துச் சிரித்தது. டில்லி மட்டும் சிரிக்கவில்லை. முதல் வருஷத்துப் பணத்தை அனுப்பிவிட்டது.

அந்தப் பணத்தில் கொட்டகைக்குப் பின்னால் ஆழமாக ஒரு குழி வெட்டிச் செங்கல் கட்டினார்கள். குழிக்குப் பக்கத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு தொட்டி. தொட்டியில் சாணத்தைத் தண்ணீர் விட்டுக் கரைத்தால் அது குழாய் வழியாகக் குழிக்குள் இறங்கும். உள்ளே புளித்து நுரைத்து வாயு கிளம்பும். குழியின் வாயில் கவிழ்த்து வைத்த பெரிய இரும்பு டிரம் அந்த வாயுவில் மெல்ல மேலே எழும்பும். டிரம் எழும்பியிருந்தால் வாயு இருக்கிறது, தாழ்ந்து கிடந்தால் இல்லை. குழந்தைக்குக்கூடப் புரியும் கணக்கு.

சாணம் கொடுத்தவர் வண்டிப்பேட்டை அமீனுதீன். "சாணிக்கு என்னங்க காசு? மாடு என்னைக் கேட்டா போடுது?" என்று சொல்லி, பேட்டையில் நிற்கிற மாடுகளின் சாணத்தையெல்லாம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அதைக் கூடையில் அள்ளிக்கொண்டு வந்து கரைக்கிற வேலையைக் காசியம்மாள் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவள் கேட்டு வாங்கியதற்குக் காரணம் அவள் புருஷன் கொளஞ்சி. எதிர்ச்சாரியில் ஒரு பொம்மைப் பட்டறையில் சூளைக்குத் தீ போடுகிறவன். வருஷக்கணக்காகக் கரிப்புகை குடித்த நெஞ்சு. நாலு எட்டு நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பேசும்போது நடுவே ஒரு விசில் சத்தம் கேட்கும். ஆஸ்பத்திரியில் புகைப் பக்கம் போகாதே என்று சொல்லி அனுப்பினார்கள். வேறு எந்தப் பக்கம் போவது என்று அவர்கள் சொல்லவில்லை.

ஐப்பசியில் சின்னச் சூளையை முதன்முதலாகச் சாண வாயுவில் பற்றவைத்தபோது சுப்புராயன் கொளஞ்சியைத்தான் கூப்பிட்டு உட்காரவைத்தான். ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு திருகைத் திருப்புவதுதான் வேலை. அன்றைக்கு எதற்காகவோ கொளஞ்சி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். சூளை காய்ந்து, சிவந்து, வெளுத்து, உள்ளே வைத்திருந்த சின்னப் பிள்ளையார் பொம்மைகள் பால் மாதிரி வந்தன. கொளஞ்சி தன் சட்டையின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வெள்ளையாவே இருக்குதுங்க ஐயா" என்றான்.

"அடுத்த வருஷப் பணம் வந்ததும் உன் பட்டறையிலதான் பெரிய சூளை கட்டப்போறோம். மொதலாளி சரின்னுட்டாரு. நீ ஸ்டூல்ல உக்காந்து திருவுனாப் போதும்."

கொளஞ்சி அந்த நீலத் தீயையே பார்த்துக்கொண்டிருந்தான். காசியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அந்த அடுத்த வருஷப் பணம்தான் இப்போது வருகிற அதிகாரிகளின் கையில் இருந்தது. அவர்கள் கண் முன்னால் சூளை ஒரு முறை ஒழுங்காக எரிந்துவிட்டால் போதும்.

அதிகாரிகள் நாளைக்கு வருகிறார்கள் என்றார்கள். வரவில்லை. வியாழக்கிழமை என்றார்கள், பிறகு திங்கட்கிழமை என்றார்கள். ஒவ்வொரு முறையும் விருத்தகிரி கூடத்தைக் கழுவச் சொன்னார். ஒவ்வொரு முறையும் வெள்ளைக் கோடு புதிதாக விழுந்தது. இதற்கிடையில் சூளையின் பர்னர் ஒன்று அடைத்துக்கொண்டு தகராறு செய்யவே, சுப்புராயன் வேறு வாங்கிவர மெட்ராசுக்குப் போனான். கடை கடையாக ஏறி இறங்கி அவன் திரும்பி வருவதற்குள் அந்த வாரம் கழிந்துவிட்டது.

காலையில் ரயிலை விட்டு இறங்கி நேரே கொட்டகைக்கு வந்தவன் குழிப் பக்கம் போய் நின்றான். டிரம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. குழாய் எங்காவது ஒழுகுகிறதோ என்று சோப்பு நுரை தடவிப் பார்த்தான். எங்கும் ஒழுகவில்லை. தொட்டியின் பக்கம் குனிந்தபோது முகத்தில் அறைகிற மாதிரி அந்த வாசனை வந்தது.

"பாத்தீங்களா ஐயா?" காசியம்மாள் பின்னாலிருந்து வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. "சாணி வாடை அடிச்சா டில்லிக்காரங்க மூக்கப் புடிச்சுக்கினு போயிடுவாங்கன்னு, தெனமும் சாயங்காலம் தொட்டிய பினாயில் ஊத்தித் தேச்சுக் கழுவி வுட்டேன். கூடத்துக்குக் குடுத்ததுல மிச்சம் புடிச்சு வச்சு ஊத்துனேன். ஒரு புழு பூச்சி தங்காது."

சுப்புராயன் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். தொட்டியில் கழுவி ஊற்றியது எங்கே போகும்? குழாய் வழியாகக் குழிக்குத்தான் போகும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழு பூச்சிகள் சாணத்தைத் தின்றுதான் வாயுவே வருகிறது. இதை அவன் டில்லிக்கு விவரமாக எழுதியிருக்கிறான். காசியம்மாளிடம் சொன்னதே இல்லை. 'தொட்டிக்குள் சாணத்தைத் தவிர வேறு எதையும் போடாதே' என்று மட்டும் சொல்லியிருந்தான். அவள் எதையும் போடவில்லையே. கழுவத்தான் செய்தாள்.

"என்னங்க ஐயா, சுத்தமா இல்லையா?"

அந்த முகத்தைப் பார்த்தான். அவன் வாயில் வந்த வார்த்தை வேறு, வெளியே வந்தது வேறு.

"சுத்தமா இருக்குது காசியம்மா. இனிமே கழுவ வேண்டாம். தண்ணி வீணாவுது."

அவள் போன பிறகு விருத்தகிரி ஜன்னலுக்கு உள்ளேயிருந்து கூப்பிட்டார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"பினாயிலா? போச்சா?"

"போச்சு சார். பழைய வாயு கொஞ்சம் இருக்குது. புதுசா ஊறல."

"எத்தனை நாள்ல சரியாவும்?"

"மார்கழிக் குளிரு வேற. மாசக்கணக்காவும்."

விருத்தகிரி பேனா மூடியைக் கழற்றி மாட்டினார், கழற்றி மாட்டினார். "நான் தரையக் கழுவத்தான்யா குடுத்தேன்" என்றார்.

"தெரியும் சார்."

"நாளைக்கு நிச்சயமா வராங்களாம். ஸ்டேஷனுக்குக் காரு சொல்லியாச்சு."

மறுநாள் நிஜமாகவே வந்துவிட்டார்கள். மூன்று பேர். அவர்களுக்குத் தலைவராக வந்தவர் நரைத்த தலையும் இரக்கமான கண்களும் கொண்ட வடக்கத்திக்காரர். வெள்ளைக் கோட்டுக்கு நடுவே நடந்து வந்தார். தரையில் யார் மூஞ்சி தெரிகிறது என்று பார்க்கவில்லை. நேரே கொட்டகைக்கு வந்து சூளைக்கு முன்னால் நாற்காலி போடச் சொன்னார்.

அன்று காலையில் சுப்புராயன் பழமலைநாதர் கோயிலுக்குப் போய் வந்திருந்தான். மிச்சம் இருக்கிற வாயுவே போதும்படி செய் என்று கேட்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குக் கேட்கிற மாதிரி இருக்கிறது என்று நினைத்தான். பள்ளிக்கூடத்துப் பாதிரியார் சொன்ன கதை அது. கேட்காமலே விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தான்.

சூளை பற்றிக்கொண்டது. காய்ந்தது. கதவிலிருந்த கண்ணாடிக் கண் வழியே உள்ளே சிவப்பு ஏறியது. தலைவர் எழுந்து வந்து குனிந்து பார்த்துத் தலையாட்டினார். கொட்டகை வாசலில் நின்ற கொளஞ்சியும் தலையாட்டினான். அன்றைக்கும் அதே வெள்ளைச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தான். வெளியே டிரம் அரை அங்குலம் அரை அங்குலமாக இறங்கிக்கொண்டிருந்ததைச் சுப்புராயன் மட்டும்தான் பார்த்தான்.

உள்ளே வைத்த பொம்மைகளின் மேல் பூசிய மெருகு உருகுகிற கட்டம் வருவதற்கு முன்பே தீ மஞ்சளடித்தது, குட்டையாயிற்று, ஒரு தடவை விக்கிற மாதிரி சத்தம் போட்டு அணைந்தது. தொழிற்பேட்டையின் மறுபக்கத்திலிருந்து கரிப்புகை வந்து கொட்டகைக்குள் நுழைந்தது. கொளஞ்சிதான் முதலில் இருமினான்.

தலைவர் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, சுப்புராயனையும் விருத்தகிரியையும் மட்டும் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டார்: "முதல் தடவை எரிந்திருக்கிறது. இப்போது எரியவில்லை. முறையில் கோளாறா, ஆளில் கோளாறா? முறையில் கோளாறு என்றால் இத்தோடு மூடிவிட வேண்டியதுதான். யாராவது ஊழியர் கவனக்குறைவால் கெடுத்தது என்றால், அவரை நீக்கி நடவடிக்கை எடுத்ததாகச் சூப்பரின்டெண்டு எழுதித் தரட்டும். இன்னொரு தடவை சோதனை நடத்த நான் சிபாரிசு செய்கிறேன். எனக்கும் இது எரிய வேண்டும் என்றுதான் ஆசை."

அவர் நல்லவர். அதுதான் கஷ்டமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் சுப்புராயனுக்கு ஆத்திரப்படவாவது முடிந்திருக்கும்.

விருத்தகிரி அவன் காதருகே வந்தார். "சொல்லிடுய்யா. கூட்டுறவ ஒருத்தி. அவளுக்கு நான் வேற எங்கயாவது வேலை பாத்துத் தரேன். ஒரு திட்டமே பொழைக்கும். அவ புருஷனுக்கும்தானே நல்லது?"

அவ புருஷனுக்கும்தானே. அதுதான் சுப்புராயனின் நெஞ்சில் தைத்தது. ஒரு பெயரைச் சொன்னால் கொளஞ்சிக்குப் புகையில்லாத சூளை கிடைக்கலாம். ஆனால் அந்தப் பெயர் இந்தக் கொட்டகைக்குள் நிற்காது. மாலைக்குள் டீக்கடைக்குப் போகும், பட்டறைக்குப் போகும், கொளஞ்சியின் காதுக்குப் போகும், கடைசியில் அவளிடமே போய்ச் சேரும். யாருடைய மூச்சுக்காகத் தினமும் கூடை சுமந்தாளோ, அந்த மூச்சைத் தன் கையாலேயே கழுவி ஊற்றிவிட்டோம் என்று தெரிந்த பிறகு அவள் எப்படிச் சோறு தின்பாள்?

கொட்டகைக்கு வெளியே, வந்தவர்களுக்காக வாங்கி வைத்த இளநீர்களைக் காசியம்மாள் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கவனக்குறைவு என்னுடையது" என்றான் சுப்புராயன். "தொட்டியில் என்ன சேரக்கூடாது என்று யாருக்கும் நான் சரியாகச் சொல்லித் தரவில்லை. பொறுப்பு என்னுடையது."

அது முழுப்பொய்யும் இல்லை. அதனால்தான் அவனால் தலைவரின் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடிந்தது.

அவர் சற்று நேரம் காத்திருந்தார். வேறு ஏதாவது வருமா என்று பார்த்தார் போலிருக்கிறது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆராய்ச்சி செய்கிறவரே கவனமில்லாதவர் என்றால் நான் யாரை நம்பிப் பணம் கேட்பது, மிஸ்டர் சுப்புராயன்?" என்றார். இளநீரை யாரும் குடிக்கவில்லை.

தை பிறந்து சில நாளில் திட்டம் மூடப்பட்டது என்று உத்தரவு வந்தது. சுப்புராயனைக் களிமண் சலிக்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். பர்னர்களைக் கழற்றி எண் போட்டு ஸ்டோர் ரூமில் பூட்டினார்கள். காசியம்மாள் வழக்கம்போலக் கூடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். விருத்தகிரி அவளைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறந்தால் பினாயில் டின் யார் கொடுத்தது என்ற கேள்வியும் வரும் என்பதற்காக மட்டும் அல்ல என்று சுப்புராயன் நம்பினான்.

ஒரு நாள் மத்தியானம் அவள் ஒரு முழு வெள்ளைத் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு களிமண் கொட்டகைக்கு வந்தாள்.

"ஐயா, எனக்கு ஒரு பிராது எழுதிக் குடுங்க. உங்க கையெழுத்துன்னா சாமிக்கே நல்லாப் புரியும்."

விருத்தாசலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில், மனுஷர்களிடம் நியாயம் கிடைக்காதவர்கள் சாமியிடம் பிராது எழுதி முனியப்பர் சந்நிதியில் வேலில் கட்டிவிட்டு வருவார்கள். களவு கொடுத்தவர்களும் ஏமாந்தவர்களும் வெளியூரிலிருந்தெல்லாம் வருவார்கள். கெடுதல் செய்தவன் யார் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சாமி தேடிப் பிடித்துக்கொள்ளும்.

"யார் மேல பிராது?"

"நம்ம சாணி காஸைக் கெடுத்தவன் மேல. நல்லா எரிஞ்சது எப்படிங்க தானா நிக்கும்? எவனோ குழியில எதையோ கொட்டியிருக்கான். கரி மண்டிக்காரன் எவனாவது காசு குடுத்துச் செஞ்சிருப்பான். யாருன்னு தெரியாட்டி போவட்டும். 'இதைச் செஞ்ச கை அழுவிப் போவணும், செஞ்சவங்க வூட்டுல வெளக்கு எரியக் கூடாது'ன்னு எழுதுங்க."

சுப்புராயன் படித்தவன்தான், ஆனால் கொளஞ்சியப்பரை நம்புகிறவன். அந்தத் தாள் வேலில் ஏறினால் சாமி யாரைத் தேடிப் போகும் என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவள் கை அவன் முன்னால் நீண்டிருந்தது. சாணத்தில் ஊறி, பினாயிலில் வெடித்த கை.

"எழுத வேண்டாம் காசியம்மா."

"ஏங்க?"

"அது நான்தான்."

அவளுக்குப் புரியவில்லை.

"நான் செஞ்ச தப்புல கெட்டுப்போச்சு. வேற ஒருத்தரும் ஒண்ணும் பண்ணல. டில்லிக்காரர்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். நீ எழுதித்தான் ஆவணும்னா என் பேரைப் போட்டு எழுதிக்க. நானே எழுதித் தரேன்."

அவள் தாளை மறுபடி சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"உங்க மேலயா?" என்றாள். "நல்லாருக்குதுங்க. நீங்க எங்க வூட்டுக்காரருக்கு ஸ்டூலு போட்டு உக்காரச் சொன்ன மனுசன்." வாசல் வரை போனவள் திரும்பினாள். "என்ன தப்புங்க ஐயா செஞ்சீங்க?"

"குழிக்குள்ள இருக்குறது உயிருன்னு மறந்துட்டேன்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

கொளஞ்சி அப்படி விடவில்லை. அவள் போய்ச் சொன்ன மறுநாளே டீக்கடையில் நாலு பேர் நடுவே சுப்புராயனை வழிமறித்தான்.

"வாங்க சாணி இன்ஜினீயரே. எங்க நெஞ்சுல நல்லாக் கரி கொட்டுனீங்க. படிச்ச படிப்புக்கு ஒரு குழியப் பாத்துக்க முடியலியா உங்களுக்கு?" மூச்சு வாங்கியது. விசில் சத்தம் கேட்டது. "அந்தச் சட்டைய என்ன பண்றதுன்னு சொல்லுங்க. கட்டி வச்சுக்கட்டுமா, என்னைப் பொதைக்கிறப்பப் போட்டு வுடட்டுமா?"

சுப்புராயன் டீ கிளாஸை வைத்துவிட்டு வெளியே நடந்தான். பதில் அவனிடம் இருந்தது. அதை ஒரு தரம் சொல்லிவிட்டால் கொளஞ்சியின் கோபம் வீட்டுக்குள் திரும்பும். தான் செய்தது சரிதானா என்று பழமலைநாதரிடம் கேட்டான். ஒருத்தியின் நிம்மதிக்காக ஒருத்தன் மூச்சை விலை கொடுத்துவிட்டேனா என்று கேட்டான். சந்நிதியில் தீபாராதனை ஆனது, மணி அடித்தது, திருநீறு கொடுத்தார்கள். வேறொன்றும் நடக்கவில்லை.

மாசியில் ஒரு நாள் அமீனுதீன் வழியில் அவனை நிறுத்தினார்.

"ஏன் சார், திட்டத்த மூடிட்டாங்கன்னு சொன்னாங்க. அந்தம்மா மட்டும் இன்னும் சாணி எடுத்துக்கினு போவுதே?"

சுப்புராயன் பழைய கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பார்த்தான். தொட்டியில் ஈரச் சாணம் கரைத்த தடம் இருந்தது. டிரம் தரை மட்டத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்த காசியம்மாள் அவனைப் பார்த்ததும் திருடி மாட்டிக்கொண்டவள் போல நின்றாள்.

"யார் சொன்னா உன்னை இதைச் செய்ய? கூலி கூடக் கெடையாதே."

"உயிருன்னு சொன்னீங்களே ஐயா. பட்டினி போட்டா உயிரு எப்படி வரும்? நீங்க செஞ்ச தப்புக்கு ஊரே உங்களப் பேசுது. எங்க வூட்டுக்காரரும் பேசுறாரு. திரும்ப அது எழும்பிடுச்சுன்னா உங்க மேல ஒரு சொல்லு நிக்காது பாருங்க."

அவன் தடுக்க வாயெடுத்தான். தடுப்பதற்குச் சொல்ல வேண்டியது எதுவோ, அதைச் சொல்ல முடியாது. அவளிடமிருந்து கூடையை வாங்கி மிச்சத்தைத் தொட்டியில் கொட்டினான். அதற்குப் பிறகு வாய்த்தபோதெல்லாம் அவனும் போய்க் குழியைக் கிளறிவிட்டான். வாயு வரும் என்ற நம்பிக்கையில் அல்ல. அவளைத் தனியாக அங்கே விட மனசில்லாமல்தான்.

சித்திரை வெயில் ஏறியது. ஒரு நாள் சாயங்காலம் காசியம்மாள் களிமண் கொட்டகைக்கு ஓடிவந்தாள். ஓடின ஓட்டத்தில் பேச்சு வரவில்லை. கையை மட்டும் தரையிலிருந்து மேலே மேலே உயர்த்திக் காட்டினாள்.

டிரம் எழும்பியிருந்தது. பழைய உயரம் இல்லை, முழங்கால் அளவுதான். ஆனால் எழும்பியிருந்தது.

எரிப்பதற்கு ஒன்றும் இல்லை. சின்னச் சூளையை எப்போதோ பிரித்துச் செங்கல்லைக் கூடத்துச் சுற்றுச்சுவருக்கு எடுத்துப் பூசிவிட்டார்கள். பர்னர்கள் பூட்டுக்குள் இருந்தன. சுப்புராயன் குழாயின் நுனியில் ஒரு உடைந்த ஃபியூஸ் கட்டையைச் செருகி, மூன்று செங்கல் வைத்து, தீக்குச்சி கிழித்தான். நீலமாக, விரல் உயரத்தில் ஒரு தீ நின்றது.

காசியம்மாள் கும்பிட்டாள். பிறகு வீட்டுக்கு ஓடிப் போய்க் கஞ்சிப் பானையை எடுத்துக்கொண்டு, கொளஞ்சியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கொளஞ்சி கரி படிந்த பனியனோடு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். அன்று சாயங்காலம் அவனுக்குப் பட்டறையில் வேலை இருந்தது. நெஞ்சு அடைத்தாலும் அவன் போய்க்கொண்டுதான் இருந்தான்.

"இவ்ளோதானா உங்க டில்லி காஸு?" என்றான், செங்கல்லில் உட்கார்ந்தபடி. "இதுல ஒரு பொம்மையோட காதுகூட வேவாது."

"கஞ்சி வேவும், வாய மூடு" என்றாள் அவள்.

"அன்னைக்கே ஒழுங்காப் பாத்திருந்தா…"

"யாருக்குத்தான் தப்பு வராது? நீ பொறந்ததுலேர்ந்து சரியாவே செஞ்சியா? அவரு செஞ்சத அவரே ஒத்துக்கினாரு. எத்தினி பேரு ஒத்துக்குறான்?"

கஞ்சி கொதித்தது. புகை இல்லை. கொளஞ்சி குனிந்து அந்த ஆவியை மூக்கால் இழுத்தான், இருமல் வரவில்லை. பீங்கான் கிண்ணத்தில் அவள் ஊற்றிக் கொடுத்ததில் பாதியைக் குடித்துவிட்டு, மீதியைச் சுப்புராயனிடம் நீட்டினான். அவன் பக்கம் திரும்பாமலேதான் நீட்டினான். சுப்புராயன் வாங்கிக் குடித்தான்.

எதிர்ச்சாரிப் பட்டறையிலிருந்து யாரோ கொளஞ்சியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தீ போட நேரமாகிவிட்டது. அவன் சுவரைப் பிடித்து எழுந்து, நின்று, மூச்சு வாங்கி, நடந்தான். கொஞ்ச நேரத்தில் அந்தப் பட்டறையின் புகைபோக்கியில் கறுப்பு எழும்பி, கோயில் கோபுரம் இருந்த திசையை மறைத்தது.

காசியம்மாள் அதைப் பார்க்கவில்லை. தீயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க தப்பு தீந்துபோச்சுங்க ஐயா" என்றாள். "இனிமே நிம்மதியாத் தூங்குங்க."

சுப்புராயன் தலையைக் குனிந்துகொண்டான். அவளுடைய வெடித்த கைகள் அவன் கண்ணுக்கு நேரே, முழங்காலின் மேல் ஓய்வாகக் கிடந்தன. அவற்றின் மேல் எந்தப் பிராதும் ஏறவில்லை. சாமி கொடுத்தது அவ்வளவுதான் என்றால், அதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தான்.

அவள் குழாயின் திருகில் கை வைத்தாள். "அணைச்சுடறேங்க. மிச்சம் இருக்குறது நாளைக்கு ஆவட்டும். நாளைக்கு அவருக்கு வெந்நி வச்சுத் தரலாம்."

டிரம் பழைய இரும்பு விலைக்கு ஏலம் போயிருந்தது. ஏலம் எடுத்தவன் மறுநாள் காலையில் வண்டியோடு வந்து வெட்டி எடுத்துக்கொண்டு போவான் என்று விருத்தகிரி மத்தியானம்தான் சொல்லியிருந்தார்.

"அணைக்காத காசியம்மா" என்றான் சுப்புராயன். "இன்னும் கொஞ்ச நேரம் எரியட்டும்."